தேத்தண்ணிக் கடையடியில் நிக்கிறம்

ஐம்பத்தாறு வயதுக்காரன் ஒருவனை வெளிநாட்டுக்கு விளையாடக் கூப்பிட்டால், ஒன்றில் அவன் பெரிய வீரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூப்பிட்டவர்களுக்கு வேறு ஆள் அகப்படாமல் இருக்க வேண்டும். நான் எந்த வகை என்பதை என் வயிறு எனக்கு முன்னாலேயே போய்ச் சொல்லிவிடும்.

கூப்பிட்டவர் ரொறன்ரோவில் இருக்கும் பாலா அண்ணை. ஒரு காலத்தில் எங்கள் கரவெட்டிக் கரப்பந்தாட்டக் குழுவின் தலைவர். மலேசியாவில் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய தமிழ் ஆட்களுக்கு ஒரு போட்டி வைக்கிறார்களாம். உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் எங்கள் பழைய ஆட்களில் ஆறு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் பாரிஸ்காரனுக்கு முழங்காலை மாற்றிவிட்டார்கள்.

"டேய் சோடா, வாறியே?" என்றார் பாலா அண்ணை தொலைபேசியில்.

"நானோ? நான் வந்து என்னண்ணை செய்யிறது?"

"ஒண்டும் செய்ய வேண்டாம். ஆறாவது ஆளா நில். பந்து வந்தா விலகு."

சோடா என்பது அடியேன்தான். அந்தக் காலத்தில் எங்கள் குழுவில் நான் ஏழாவது ஆள். ஏழாவது ஆளுக்கு இரண்டு வேலைகள். வேலிக்கு அப்பால் போன பந்தை எடுத்து வருவது ஒன்று. இடைவேளையில் ஆறு போத்தல் சிவப்புச் சோடாவை, கைக்கு மூன்றாக, கழுத்துகளை விரல்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டு ஒரே தடவையில் கொண்டுவருவது மற்றது. இரண்டாவதில் வடமராட்சியில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. விளையாட மட்டும் முறை வரவில்லை. ஒருவன் வெளிநாடு போனபோது வந்தது. ஆனால் அதே கிழமை இன்னும் இரண்டு பேர் போய்விட்டார்கள். குழு கலைந்தது. பந்தைக் கேட்டு யாரும் வராததால் அது என்னிடமே நின்றுவிட்டது. நான் நெல்லியடியில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை போட்டேன். ஒரு ஆட்டம்கூட ஆடாமல் ஓய்வுபெற்ற வீரன் என்ற பெருமை அப்படி எனக்கு வந்து சேர்ந்தது.

போட்டிக்காரர்களின் விதி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குமுன் ஆறு பேரும் நேரில் நின்று கையெழுத்து வைக்க வேண்டும். ஐந்து பேர் என்றால் குழுவின் பெயரை வெட்டிவிடுவார்கள். போட்டி நடக்கும் ஊர் கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத் தூரம்.

"மத்தியானம் எல்லாரும் எயாப்போட்டிலை சந்திப்பம். ரண்டு மணிக்கு வான் வெளிக்கிடும்."

"எவடத்திலை அண்ணை?"

"உதென்ன கேள்வி? தேத்தண்ணிக் கடையடியிலை நிக்கிறம்."

"ஓம் அண்ணை" என்று நானும் வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் எந்த ஆட்டத்துக்குப் போவதென்றாலும் சந்தியிலுள்ள தேத்தண்ணிக் கடையடியில்தான் கூடுவோம். இருந்ததே ஒரு கடைதான். இந்த ஏற்பாட்டில் ஏதோ ஓட்டை இருக்கிறது என்று எனக்கும் தோன்றவில்லை, இருபது வருடமாகக் கனடாவில் கணினி வேலை பார்க்கும் பாலா அண்ணைக்கும் தோன்றவில்லை.

என் மனைவி பவளத்துக்கு வேறொன்று தோன்றியது.

"சனிக்கிழமை கிழக்கை சூலம். நீங்கள் போறது கிழக்கை" என்றாள் பஞ்சாங்கத்தை விரித்துக்கொண்டு.

"பலாலி எயாப்போட் எங்களுக்கு மேற்கிலை எல்லோ கிடக்கு?"

"பலாலிக்கோ விளையாடப் போறியள்?"

சூலம் உள்ள திசைக்கு அன்றைக்குப் புறப்பட்டால் போன காரியம் உருப்படாது என்பது கணக்கு. அதற்குப் பரிகாரமும் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது. நல்லதொரு நாளில் பெட்டியை மட்டும் கொண்டுபோய் அயல்வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டது. ஆள் பிறகு எந்த நாளிலாவது போய்ப் பெட்டியோடு சேர்ந்துகொள்ளலாம், சூலம் கண்டுகொள்ளாது. வியாழக்கிழமை காலை ஆறரைக்கு நல்ல நேரம் வந்தது. எங்களுக்குக் கிழக்கே நாலாவது வளவு சின்னராசாவுடையது. பெட்டி அங்கே போவதென்று முடிவாயிற்று.

"பாஸ்போட்டையும் உதுக்குள்ளை வையுங்கோ" என்றாள்.

"அது என்னத்துக்கு? நான் சட்டைப் பையிலை கொண்டு போறன்."

"பாஸ்போட் இல்லாமல் போற பெட்டி சந்தைக்குப் போற பை. அதுக்கு நாள் பாத்து என்ன பிரயோசனம்?"

இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் எங்கள் வீட்டுப் பெட்டிகளையெல்லாம் அவளுடைய தர்க்கம்தான் அடுக்கியது. கடவுச்சீட்டும் உள்ளே போயிற்று. ஆக, மலேசியாவுக்கு வியாழக்கிழமையே என் பெட்டி புறப்பட்டுவிட்டது. நான் மட்டும் இரண்டு நாள் வீட்டில் தங்கி நின்றேன்.

சனிக்கிழமை விடிய ஐந்தரைக்குத் தேவனின் ஓட்டோவில் சின்னராசா வீட்டு வாசலுக்குப் போனோம். வழியனுப்ப அதுவரை பவளமும் வந்தாள். படலையில் ஒரு பூட்டுத் தொங்கியது, பெரிய பூட்டு. சின்னராசாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து மணியோசையோடு ஒரு தேவாரம் கேட்டது. கொஞ்ச நேரம் மூவரும் பக்தியோடு கேட்டுக்கொண்டு நின்றோம். அது அவருடைய கைத்தொலைபேசி என்று முதலில் விளங்கியது தேவனுக்கு.

எதிர்வீட்டு அக்கா கூட்டுமாறோடு வந்தார். "அவை நேற்றுப் பின்னேரமே குடும்பத்தோடை வட்டுக்கோட்டைக்குப் போட்டினம். சின்னராசான்ரை பெரியப்பா மோசம் போட்டார்."

பவளம் தலையில் கை வைத்தாள். அவளுக்குப் பெட்டியை விடப் பெரிய கவலை வந்துவிட்டது. நல்ல நேரத்தில் புறப்பட்ட பயணம் செத்தவீட்டு வாசலில் போய் நிற்கப் போகிறதே.

"பூட்டை உடைப்பம் அண்ணை. என்னட்டைச் சாமான் கிடக்கு" என்றான் தேவன்.

"செத்தவீட்டுக்குப் போனவன்ரை வீட்டை உடைக்கிறதோ? ஊர் என்ன சொல்லும்?" என்றாள் பவளம்.

பத்தரைக்குள் நான் பலாலியில் நிற்க வேண்டும். வட்டுக்கோட்டை குடாநாட்டின் அந்தத் தொங்கல். போய்ப் பூட்டின் திறப்பை வாங்கி, திரும்பிவந்து பெட்டியை எடுத்து, பலாலிக்குப் போவதற்கு ஓட்டோவுக்குச் சிறகு முளைக்க வேண்டும். நான் போகாவிட்டால் ஐந்து பேர் நாலு நாடுகளிலிருந்து பறந்துவந்து ஒரு கையெழுத்தும் வைக்காமல் திரும்புவார்கள். முப்பத்தைந்து வருடத்துக்குப் பிறகு வந்த என் முறையும் அதோடு போகும்.

"ஏறுங்கோ அண்ணை" என்றான் தேவன்.

வட்டுக்கோட்டையில் செத்தவீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. வெள்ளைக் கொடிகள் வழிகாட்டின. அதற்குப் பிறகுதான் சிக்கல். செத்தவீட்டுக்குள் நுழைந்தவுடன் "என்ரை பெட்டி எங்கை?" என்று கேட்க முடியுமா? முதலில் போய்ப் பிரேதத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். பிறகு வரிசையாக நின்ற ஆண்களின் கைகளைப் பிடித்தேன். ஒருவரையும் தெரியாது. ஒரு பெரியவர் என் கையை விடாமல், "அவர் உங்களைப் பற்றி அடிக்கடி கதைக்கிறவர்" என்று கண் கலங்கினார். நானும் கலங்கினேன், நேரம் ஏழே முக்கால்.

பந்தலில் கதிரை தந்தார்கள். தேத்தண்ணி வந்தது. சின்னராசா கடைசியில் சவுக்கத்தைத் தோளில் போட்டபடி வந்து பக்கத்தில் குந்தினார். என்னைக் கண்டதும் அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது.

"அண்ணை, இண்டைக்குப் பயணத்தை வைச்சுக்கொண்டு எனக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறியள்."

"பின்னை வராமல்?" என்றேன். பறை ஓசை ஒருமுறை ஏறி இறங்கும்வரை காத்திருந்து, "சின்னராசா, உந்த வீட்டுத் திறப்பு..." என்று இழுத்தேன்.

"திறப்பு என்னத்துக்கு? உங்கடை பெட்டி இஞ்சை எல்லோ கிடக்கு! வீட்டை ஒருத்தரும் இல்லை, கள்ளர் வந்தா ஆர் பதில் சொல்லுறது? அதுதான் வானிலை போட்டுக்கொண்டு வந்தனான். காலமை கொண்டுவந்து தருவம் எண்டால் போனை வீட்டிலை விட்டிட்டன், நம்பர் போனுக்கை."

வாசலில் நின்ற வானின் பின்கதவைத் திறந்தார். வாழைக்குலைக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவில், கடவுச்சீட்டோடு என் பெட்டி சுகமாக இருந்தது. எனக்கு முந்தியே அது ஒரு துக்கம் விசாரித்து முடித்துவிட்டது.

செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது போயிட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். எங்கள் சம்பிரதாயங்களில் அன்றைக்கு எனக்கு நேரம் மிச்சம்பிடித்துத் தந்தது அது ஒன்றுதான்.

ஓட்டோ அராலி தாண்டுவதற்குள் பவளத்தின் அழைப்பு வந்தது. பெட்டி கிடைத்த செய்தியை அவள் பெரிதாக எடுக்கவில்லை. "இஞ்சருங்கோ, தலை முழுகாமல் பிளேன் ஏறப்படாது. செத்தவீட்டுத் துடக்கோடை போய் எல்லாருக்கும் ஒட்டவோ?"

"பிளேனுக்கை கிணறு இல்லையப்பா."

"அப்ப வழியிலை ஒரு கிணத்தைப் பாருங்கோ."

தேவனுக்கும் அதே அபிப்பிராயம். செத்தவீட்டுக்குப் போன ஓட்டோவை அவனும் கழுவ வேண்டுமாம். புன்னாலைக்கட்டுவன் பக்கத்தில் ஒரு வெங்காயத் தோட்டத்தில் இறைப்பு நடந்துகொண்டிருந்தது. யானைத் தும்பிக்கை தடிப்பில் தண்ணீர் வாய்க்காலில் கொட்டியது. தோட்டக்காரர் என்னை ஏறஇறங்கப் பார்த்தார்.

"எங்கை போறியள்?"

"மலேசியாவுக்கு. செத்தவீட்டாலை வாறன். ஒருக்காத் தோயலாமோ?"

வேறு எந்த நாட்டிலாவது இந்தப் பதிலைச் சொன்னால் பொலிஸைக் கூப்பிடுவார்கள். இவர் "அதுக்கென்ன, இந்தாங்கோ" என்று நான் உடுக்கத் தன் மாற்றுச் சாரத்தை எறிந்தார். "தலையை நல்லா வையுங்கோ, ஆறுதலாத் தோயுங்கோ, வெங்காயத்தை மட்டும் உழக்கிப்போடாதேங்கோ."

பத்து இருபதுக்குப் பலாலியில் இறங்கினேன். தலை ஈரம், காலில் செம்மண், கையில் தோட்டக்காரர் கட்டாயப்படுத்தித் தந்த ஒரு பிடி வெங்காயம். அதிகாரி சிங்களத்தில், "வெளியே மழையா?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களம் கொழும்பிலிருந்து சைக்கிள் ரியூப் எடுப்பிக்கப் போதுமானது. "மழை இல்லை, மரணம்" என்றேன். அவர் முகம் மாறி, "ஐயோ, யார்?" என்றார். "அயல்வீட்டுக்காரரின் பெரியப்பா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு முத்திரையை மிகவும் மெதுவாக, சத்தம் வராமல் குத்தினார். வெங்காயத்தை அவருடைய மேசையிலேயே விட்டுவிட்டேன்.

எங்கே விமானம் மாறினேன், எந்தக் கதிரையில் கழுத்துச் சுளுக்கினேன் என்பதையெல்லாம் விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கோலாலம்பூரில் நான் வெளியே வந்தேன், தேத்தண்ணிக் கடையடியைத் தேடிக்கொண்டு.

முதலாவது கடை வாசலுக்கு நேரே இருந்தது. பார்த்தீரா பாலா அண்ணையின் மூளையை என்று மெச்சிக்கொண்டு போய் நின்றேன். நின்ற இடத்திலிருந்து பார்த்தால் இரண்டாவது கடை தெரிந்தது. இரண்டாவதின் தோளுக்கு மேலால் மூன்றாவது. மேல்மாடியில் நாலு. நான் பதின்மூன்றுவரை எண்ணிவிட்டு எண்ணுவதை விட்டேன். நெல்லியடிச் சந்தையை இரண்டு தடவை உள்ளே வைத்து மூடலாம் போன்ற மண்டபம் அது.

தொலைபேசியில் என் சிம் வேலை செய்யவில்லை. இலவச இணைய இணைப்பு உண்டென்று எழுதியிருந்தார்கள். அது என் நம்பரைக் கேட்டது, கொடுத்தேன். அந்த நம்பருக்கு ஒரு இரகசிய எண் அனுப்பியிருப்பதாகவும் அதைச் சொன்னால் உள்ளே விடுவதாகவும் சொன்னது. அந்த நம்பர்தான் செத்துப்போய்க் கிடக்கிறதே! திறப்பு வீட்டுக்குள், வீடு பூட்டு. இரண்டு நாளில் இரண்டாம் முறை.

ஆட்களை முகம் பார்த்துப் பிடிக்கலாம் என்று ஒவ்வொரு கடையாகச் சுற்றினேன். என் மனதில் இருந்தவர்கள் சுருட்டை முடியும் ஒட்டிய வயிறுமாக ஆறடிக்குத் துள்ளுகிற பெடியள். மண்டபத்தில் இருந்தவர்களோ மொட்டைத் தலையும் முன்வயிறுமான மாமாக்கள். உலகத்தின் எல்லா நாடுகளிலும் இந்த மாமாக்களை ஒரே அச்சில்தான் வார்க்கிறார்கள். மேல்மாடியில் ஒரு கடைக்கு முன்னால் அப்படிப்பட்ட ஒரு கூட்டம் நீள வாங்குகளில் உட்கார்ந்திருந்தது. நீலத் தொப்பி போட்ட ஒருவரிடம் போய், எனக்குத் தெரிந்த நல்ல ஆங்கிலத்தில் இங்கே இலங்கை ஆட்கள் யாரையாவது கண்டீர்களா என்று கேட்டேன். அவர் என்னைவிட நல்ல ஆங்கிலத்தில், இல்லை, மன்னிக்கவும் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டரைக்குக் கால் கடுத்தது. ரொட்டியும் பருப்புக் குழம்பும் வாங்கிக்கொண்டு இருந்தேன். ரொட்டி எங்கள் ஊர் வீச்சு ரொட்டிக்குத் தூரத்து மச்சான், ஆனால் நல்ல வசதியான இடத்தில் கலியாணம் கட்டியவன் போல மொறுமொறுப்பாக இருந்தது. தேத்தண்ணியை ஒரு முழம் உயரத்தில் தூக்கி ஆற்றித் தந்தார்கள். பக்கத்து மேசைக்காரர் ஒரு வெங்காயத் துண்டும் நெத்தலிக் கருவாடும் வைத்துத் தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டார். நல்ல மனிதர்கள், எங்களைப்போலவே கருவாட்டை மதிக்கிறவர்கள் என்று பட்டது. ஆனால் வாயிலே ருசி நிற்கவில்லை. சுவரில் பெரிய மணிக்கூடு.

தரை துடைத்துக்கொண்டு வந்த அம்மா என் மேசையடியில் நின்றார். நெற்றியில் திருநீறு.

"என்னாண்ணே, காலையிலேர்ந்து சுத்திக்கிட்டே இருக்கீங்க. யாரைத் தேடுறீங்க?"

"கூட்டாளிமாரை அம்மா. தேத்தண்ணிக் கடையடியிலை நிக்கிறம் எண்டவை."

"எந்தக் கடை?"

"அது சொல்லேல்லை."

அவர் துடைப்பத்தின் மேல் சாய்ந்து சிரித்தார். "இங்க எல்லாமே டீக்கடைதான் லா! மூஞ்சி ஞாபகம் இருக்கா?"

"முப்பத்தைஞ்சு வருசம் அம்மா. எனக்கும் அவையளைத் தெரியாது, அவையளுக்கும் என்னைத் தெரியாது."

"அப்ப அவங்களுக்கு உங்ககிட்ட என்னதான்ணே தெரியும்?"

அவர் சாதாரணமாகக் கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். நான் ரொட்டியைக் கையில் பிடித்தபடி இருந்தேன். உண்மைதானே. என் முகத்தை அவர்கள் எப்போது பார்த்தார்கள்? இடைவேளையில் நான் வரும்போது ஆறு சோடி கண்களும் பார்த்தது என் கைகளைத்தான்.

எழுந்து எதிர்க்கடைக்குப் போனேன். கண்ணாடி அலுமாரியில் சிவப்பாக ஒரு பானம் இருந்தது. என்ன பழம் என்று தெரியாது, நிறம் சரி. ஆறு போத்தல் எடுத்தேன். கடைப்பெண் பை தர வந்தாள். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, கைக்கு மூன்றாக, விரல்களுக்கு இடையில் கழுத்துகளை மாட்டித் தூக்கினேன். பிளாஸ்டிக் மூடிகள் அகலம், விரல் பிளந்தது. ஆனால் விரல் மறக்கவில்லை. பெட்டியைக் கயிறால் தோளில் கொழுவிக்கொண்டு, மைதானத்துக்குள் வருகிற அதே நடையில், முழங்கையைச் சற்று வெளியே தள்ளி, மண்டபத்தின் நடுவால் நடக்கத் தொடங்கினேன். கீழ்மாடி முழுவதும் ஒரு சுற்று. ஒரு குழந்தை தகப்பனுக்குச் சுட்டிக்காட்டியது. இரண்டு காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தரை துடைக்கும் அம்மா கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். ஒன்றே முக்கால்.

நகரும் படியில் ஏறி மேல்மாடிக்கு வந்து பத்து அடி வைத்திருக்க மாட்டேன். ஒரு கத்தல் கேட்டது.

"டேய்! சோடாடா!"

அந்தக் கத்தலில் விமான அறிவித்தல் ஒன்று அமுங்கிப்போயிற்று. வாங்குகளிலிருந்து ஐந்து மாமாக்கள் ஒரேயடியாக எழும்பினார்கள். முன்னால் ஓடிவந்தவர் பாலா அண்ணை. ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவருக்குப் பின்னால் நீலத் தொப்பி.

"உன்னோடை இங்கிலீசிலை கதைச்சது நானடா! ரவியடா! ஒஸ்லோ!" என்று நீலத் தொப்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

"இலங்கை ஆக்களைக் கண்டனியோ எண்டு கேக்க இல்லையெண்டாய்!"

"நான் நாலு பேரைத்தான் கண்டனான், அதுவும் இவங்கள். இவங்களை ஆர் ஆக்கள் எண்டு சொல்லுவான்?"

"நாங்கள் இதைப் பாத்துக்கொண்டு இருக்கிறமடா" என்று பாலா அண்ணை தன் கைத்தொலைபேசியை நீட்டினார். பழைய படம் ஒன்று. ஓரத்தில், தலை நிறைய முடியோடு தடி போல ஒருவன். கையில் பந்து. அவனைத் தேடிக்கொண்டு இவர்கள் மூன்று மணி நேரம் இருந்திருக்கிறார்கள். அந்த நேரத்துக்குள் நான் இவர்களை மூன்று தடவை கடந்து போயிருக்கிறேன்.

"வான்காரன் போகப்போறானாம்! பிறகு கொஞ்சுங்கோ!" என்று ஒருவர் கத்தினார். ஆறு மாமாக்கள் விமான நிலையத்துக்குள் ஓடினோம். போத்தல்களை நான் கீழே வைக்கவில்லை. பவளம் கட்டித்தந்த பருத்தித்துறை வடைப் பொதி வானுக்குள் பிரிக்கப்பட்டு, முதல் சந்தி வரமுன் முடிந்தது. நாலே முக்காலுக்கு ஆறாவது கையெழுத்தை நான் வைத்தேன். என் கையெழுத்து அவ்வளவு வடிவாக அதற்குமுன் வந்ததில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் ஆட்டம். திறந்த மைதானம். எதிரே பினாங்குப் பக்கத்துத் தமிழர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வுபெற்றவர்கள். கைகள் ஒவ்வொன்றும் என் தொடையளவு. முதல் ஆட்டத்தை அவர்கள் வென்றார்கள், இரண்டாவதை எப்படியோ நாங்கள் வென்றோம். பாலா அண்ணை சொன்னதை நான் அட்சரம் பிசகாமல் செய்தேன், பந்து வந்தபோதெல்லாம் விலகினேன். சேர்விஸ் போடுவதற்கு மட்டும் விலக முடியாதே. "மெல்லமா வலைக்கு மேலாலை தட்டிவிடு" என்றார். தட்டினேன். ஒவ்வொரு முறையும் வலை பிடித்துக்கொண்டது.

மூன்றாவது, பதினைந்து புள்ளி ஆட்டம். எட்டில் பக்கம் மாறினோம். பதின்மூன்றுக்கு ஒன்பதென்று அவர்கள் முன்னால் நின்றபோது சேர்விஸ் என்னிடம் வந்தது.

"கவனமடா சோடா, வலை, வலை" என்றார் பாலா அண்ணை, பாதி கைவிட்ட குரலில்.

பந்தோடு பின்கோட்டுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பக்கம் மாறியதில் இவ்வளவு நேரமும் எங்கள் கண்ணில் குத்திய வெயில் இப்போது அவர்கள் கண்ணில் குத்தியது. பந்து எடுக்கிறவனுக்குத்தான் இது முதலில் தெரியும். வெயிலுக்குள் போன பந்தைத் தேடித்தேடிக் கண் பூத்தவன் நான். வேலிக்கு அப்பால் பனங்காணிக்குள் விழும் பந்தைத் திருப்பி அனுப்ப அந்தக் காலத்தில் எனக்கு ஒரு அடி இருந்தது. கையை முட்டி பிடித்து, குனிந்து, கீழிருந்து மேலே ஒரே இடி. பனையின் தலைக்கு மேலால் போய் மைதானத்தின் நடுவில் இறங்கும். எத்தனை வருடம், எத்தனை நூறு பந்து. அதை யாரும் விளையாட்டு என்று எண்ணியதில்லை, நானும்தான்.

குனிந்து இடித்தேன்.

"என்னடா செய்யிறாய் விசரா!" என்று பாலா அண்ணையின் குரல் பந்தோடு சேர்ந்து மேலே போனது. பந்து போனது, போனது, வெயிலுக்குள் காணாமல் போனது. எதிர்ப்பக்கத்தில் ஆறு பேரும் கையைப் புருவத்தில் வைத்து வானத்தைப் பார்த்தார்கள். அது அவர்களுக்கு நடுவில் தொப்பென்று விழுந்தது.

"என்னா இது, மழை பெய்யுற மாதிரி விழுது!" என்றார் அவர்களில் ஒருவர்.

பத்து. இரண்டாவது அடி ஒருவருடைய தோளில் விழுந்து வெளியே உருண்டது. பதினொன்று. மூன்றாவதுக்கு இரண்டு பேர் ஓடிவந்து ஒருவரோடொருவர் மோதிக்கொண்டார்கள். அவர்கள் தலைவர் இடைநேரம் கேட்டார், தொப்பி தேடினார்கள், இரண்டு தொப்பிதான் கிடைத்தது. பதின்மூன்றில் ரவி என் முதுகைத் தொட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். பதினாலில் பாலா அண்ணை திரும்பிப் பார்த்தார். வலை என்று சொல்லவில்லை. "பனைக்கு மேலாலை அடி" என்றார். அவருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

பனைக்கு மேலால் அடித்தேன்.

பதினைந்து.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்ல முடியவில்லை. யாரோ என்னைத் தூக்கப் பார்த்தார்கள், எடை தெரிந்ததும் யோசனையை மாற்றினார்கள். துறைமுகக்காரர்கள் வந்து கையைக் குலுக்கியதில் விரல்கள் இரண்டு நாள் மடங்கவில்லை. அடுத்தநாள் ஆட்டம் காலையில் நடந்தது, வெயில் வேறு பக்கம். அதைப்பற்றி எழுத இங்கே இடம் போதாது.

ரவியின் தொலைபேசியில் பவளத்தைக் கூப்பிட்டேன். வென்ற கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "பாத்தியளே, வியாழக்கிழமை நேரம் எண்டால் அப்பிடி" என்றாள். "நான் அடிச்சனானப்பா" என்றேன். "ஓம், ஓம். பெட்டியைக் கவனமாக் கொண்டுவாங்கோ."

தொலைபேசியைக் கொடுத்துவிட்டு வாங்கில் போய் இருந்தேன். எதிரே வெயிலுக்குள் இருந்து ஒருவர் நடந்து வந்தார். பாலா அண்ணை. இரண்டு கையிலும் சிவப்புப் போத்தல்கள், நேற்று நான் வாங்கிய அதே ஆறு. விரலுக்கு இடையில் மாட்டத் தெரியவில்லை. நாலை நெஞ்சோடு அணைத்து, ஒன்றைக் கக்கத்தில் இடுக்கி, ஒன்றை நாடியால் அமத்திப் பிடித்திருந்தார். வரும் வழியில் ஒன்று விழுந்து உருண்டது. குனிந்து எடுக்கப் போக இன்னொன்று விழுந்தது. உதவிக்கு எழும்பப் போனேன்.

"இரடா" என்றார். "இரு, நான் கொண்டுவாறன்."

இருந்தேன். அவர் நிதானமாக ஒவ்வொன்றாகப் பொறுக்கி, திரும்ப அணைத்துக்கொண்டு, என் முன்னால் வந்து நின்றார். முதல் போத்தல் எனக்கு.